பாதியில் நின்ற திட்டு

1

இந்த ஆண்டும் நான் உயிரோடு இருப்பதாக அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. ஓய்வூதியருக்கான நேர்காணலில், கருவூலத்தில் இருந்த இளம்பெண் என் முகத்தையும் படிவத்தில் ஒட்டியிருந்த முகத்தையும் ஒருமுறை ஒப்பிட்டாள். விரல் ரேகை இயந்திரம் இரண்டு முறை என்னை நம்பவில்லை. மூன்றாம் முறை வேறு வழியில்லாமல் நம்பியது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, "இணைப்பு காணப்படவில்லை" என்று எழுதிப் பிறர் மனுக்களைத் திருப்பியவன் நான். இயந்திரத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. அதன் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்றாம் முறையும் யோசித்திருப்பேன்.

கனடாவில் மகள் வீட்டில் இருந்தபடியே இதை முடித்திருக்கலாம். தூதரக அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். அதற்கான விதி எனக்குத் தெரியும், அந்த விதிக்கு வந்த திருத்தமும் தெரியும். நான்கு ஆண்டுகள் அப்படித்தான் உயிரோடு இருந்தேன். இந்த முறை விமானத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு சென்னை வரை வந்ததற்குக் காரணம் கருவூலம் அல்ல. கஸ்தூரி என்ற பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

கஸ்தூரி எங்கள் அபிராமபுரம் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தவள். அப்போது அடையாற்றங்கரையில் குடியிருந்தாள். என் மனைவி வத்சலாவுக்கும் அவளுக்கும் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் பேச்சு, பாத்திரம் கழுவி முடித்த பிறகும் ஓயாது. நான் பேப்பருக்குப் பின்னால் இருப்பேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் வத்சலா மயிலாப்பூரில் காய் வாங்கிக்கொண்டு வந்தாள். பையைச் சமையல் மேடைமேல் வைத்தாள். அப்படியே சரிந்தாள். மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: மருத்துவர் சான்று, அதற்கு நான்கு நகல், குளிர்பெட்டி, மின்மயானத்தில் நேரம். என் பழைய அலுவலகத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எனக்கு மேலதிகாரியாக இருந்தவரும் வந்து, நாற்காலி நுனியில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். வீடு ஒரு நல்ல அலுவலகம்போல் அமைதியாக இருந்தது.

அப்போதுதான் கஸ்தூரி வந்தாள். நேராகத் தலைமாட்டில் உட்கார்ந்தாள். திட்ட ஆரம்பித்தாள்.

"ஏம்மா, இதான் நீ போற நேரமா? வெண்டக்கா வாங்கியாந்து வச்சிட்டு இப்டியா படுப்ப? பாவி, நீ பாட்டுக்குக் கெளம்பிட்ட. இந்த மனுசன..."

மேலதிகாரி தலையைத் திருப்பினார். அந்த ஒரு பார்வைக்காக நான் எழுந்து போய்ச் சொன்னேன்: "கஸ்தூரி, சத்தம் போடாதே. பெரியவங்க வந்திருக்காங்க."

அவள் நிறுத்தினாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பது நம் வழக்கம். அதனால் அவள் வழக்கப்படி போனாளா, என் மேல் கோபத்தில் போனாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. சில மாதத்தில் நானும் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு போய்விட்டேன்.

2

கனடாவில் என் நாள் எப்படிப் போகிறது என்று இங்கே பலர் கேட்கிறார்கள். காலையில் மகளும் மருமகனும் வேலைக்குப் போவார்கள். பதிமூன்று வயதுப் பேத்தி மீரா பள்ளிக்குப் போவாள். நான் சொல்லும் தமிழ் எல்லாம் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இரண்டு மொழிகளுக்கு நடுவே சாப்பாட்டு மேசை இருக்கும். பகல் முழுதும் நானும், வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின் இரைச்சலும்தான்.

"அப்பா, வெளியில போய் நாலு பேரோட பேசுங்க," என்று மகள் நூலகத்தில் நடக்கும் ஆங்கில உரையாடல் வகுப்பில் என்னைப் பதிவு செய்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அமைச்சருக்குப் போகும் கடிதத்துக்கு ஆங்கில வரைவு எழுதியவனை, ஆங்கிலம் இரண்டாம் மொழி என்ற கட்டத்தில் டிக் அடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? வகுப்பை நடத்திய ஜேனட், அறுபது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சம்பளம் இல்லாமல் புதன்தோறும் வந்து சொல்லிக்கொடுப்பவர். முதல் நாள் ஐந்து நிமிடம் என்னைப் பேசவிட்டுக் கேட்டார். நான் பணிவுடனும் உரிய மரியாதையுடனும் என் வருகையின் நோக்கத்தைத் தெரிவித்துக்கொண்டேன்.

"உங்கள் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை," என்றார். சற்று யோசித்துவிட்டு, "கட்டாயம் வகுப்புக்கு வாருங்கள்," என்றார்.

அந்த வகுப்பில்தான் தேவகியைப் பார்த்தேன். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தவள், ஐம்பது வயதிருக்கும். செவிலியராக இருக்கும் மகளின் பிரசவத்துக்காக ஆறு மாத விசாவில் வந்திருந்தாள். என்னைக் கண்டதும் நகரத்தையே கண்டதுபோல் சிரித்தாள்.

"இன்னா சார், ரிட்டயர் ஆயி ஸ்கூல்ல சேந்துட்டீங்களா? ஃபெயில் பண்ணா வூட்ல திட்டுவாங்களா?"

ஒரு புதன்கிழமை பாடம், இரக்கத்தைத் தெரிவிப்பது எப்படி என்பது. ஜேனட் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இது, வேலை போனால் இது, வீட்டில் மரணம் என்றால் 'சாரி ஃபார் யுவர் லாஸ்'. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. துக்கத்துக்குப் படிவம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும், யாரும் தடுமாற வேண்டியதில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அங்கே போன முதல் குளிர்காலத்தில் நடைபாதைப் பனியில் நான் வழுக்கி விழுந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் அந்தத் தாளில் உள்ள வாக்கியங்களையே சொன்னார். சொல்லிவிட்டு, என் மகள் கார் எடுத்து வரும்வரை நாற்பது நிமிடம் அந்தக் குளிரில் என் பக்கத்தில் நின்றார்.

இருவர் இருவராகப் பயிற்சி செய்யச் சொன்னார் ஜேனட். எனக்கு ஜோடி தேவகி. தாளில் இருந்தபடி, என் பூனை இறந்துவிட்டது என்று நான் ஆங்கிலத்தில் அறிவித்தேன்.

"பூன செத்துப் போச்சா?" என்றாள் தமிழில். "நீங்க பூன வளக்கற ஆளாட்டம் தெர்லயே சார்."

"தாள்ல இருக்கறதைச் சொல்லும்மா."

"தட் மஸ்ட் பி வெரி ஹார்ட் ஃபார் யூ," என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு தாளைக் கீழே வைத்தாள். "இதச் சொன்னா அவங்களுக்கு அழுக வருமா, நிக்குமா?"

நான் தாளைப் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

3

பனி உருகத் தொடங்கிய ஒரு வாரத்தில் ஜேனட்டின் கணவர் கென் இறந்துபோனார். மாரடைப்பு. அடக்கத்துக்கு மறுநாள் மதியம் வீட்டுக்கு வரலாம் என்று நூலகத்திலிருந்து செய்தி வந்தது. வகுப்பில் மற்றவர்கள் ஓர் அட்டையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட, நானும் தேவகியும் நேரில் போவதென்று முடிவாயிற்று.

நான் நான்கு பத்தியில் ஒரு கடிதம் எழுதினேன். மீரா அதை வாங்கிப் படித்தாள்.

"தாத்தா, இது வருமான வரி ஆபீஸிலிருந்து வந்த மாதிரி இருக்கு," என்றாள் ஆங்கிலத்தில். "நீ வருத்தப்படறியா இல்லையா?"

"மூன்றாவது பத்தியில் இருக்கிறது," என்றேன்.

பேருந்தில் தேவகி வழிநெடுகப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். சாரி ஃபார் யுவர் லாஸ், சாரி ஃபார் யுவர் லாஸ். ஜன்னல் கண்ணாடியில் அவள் உதடுகள் அசைவது தெரிந்தது.

ஜேனட் வீட்டில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் கையில் தட்டும் தேநீர்க் கோப்பையுமாக நின்று, மெல்லிய குரலில் கென் எவ்வளவு அருமையான மனிதர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜேனட்தான் எல்லோருக்கும் சாண்ட்விச் எடுத்துக் கொடுத்தார், எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் துக்கப்பட்டவரே பரிமாறும் காட்சி எனக்கு ஏதோ விதிமீறலாகத் தெரிந்தது. நான் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி, படிக்காமல் மேசையில் இருந்த மற்றக் கடிதங்களோடு வைத்தார்.

தேவகியின் முறை வந்தது. அவள் வாயைத் திறந்தாள்; மூடினாள். மனப்பாடம் போய்விட்டது என்பது எனக்குத் தெரிந்தது. ஜேனட் கையிலிருந்த தட்டை அவள் வாங்கிக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அறை முழுதும் கேட்கும்படி சொன்னாள்:

"கென் பேட் மேன், டீச்சர். வொய் கோ? யூ அலோன். வெரி வெரி பேட் மேன்."

முப்பது பேரின் கரண்டிகளும் நின்றன. ஜேனட்டின் மகன் ஓரடி முன்னால் வந்தான். என் கால் தானாக நகர்ந்தது. அபிராமபுரத்தில் நகர்ந்த அதே கால். "அவர் சொல்ல வந்தது என்னவென்றால்," என்று நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஜேனட் கையை விடுவித்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் வெளியே வந்தோம். இரண்டு சென்னைக்காரர்கள், பழக்கத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்தோம். அதுவும் அவர்கள் கணக்கில் மரியாதைக் குறைவு என்று நிறுத்தத்தை அடைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தேவகிக்கு நான் விளக்கினேன். இங்கே இறந்தவரைப் பற்றி நல்லதுதான் பேசுவார்கள், நீ பேசியது அவரைக் கெட்டவன் என்று சொன்னதாக ஆகிவிட்டது என்றேன். அவள் முகம் வெளிறியது.

"கெட்டவன்னா சொன்னேன்? உட்டுட்டுப் பூட்டாரேன்னு சொன்னேன் சார். செத்தவர திட்டாம பின்ன யார திட்றது? டீச்சர் அழாம சோறு போட்டுக்கினு நிக்கிறாங்க. மனசு கேக்குமா?"

பேருந்தில் ஏறும்போது, "நான் இனிமே கிளாஸுக்கு வர்ல," என்றாள்.

4

ஜேனட் இல்லாத நாட்களில் வகுப்பை வேறொருவர் நடத்தினார். தேவகி சொன்னபடியே வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுவாள். நான் ஜேனட்டுக்கு ஒரு விளக்கக் கடிதம் தயாரித்தேன்: தமிழ்நாட்டில் பெண்கள் இறந்தவரை உரிமையோடு திட்டி அழும் வழக்கம், அதன் நோக்கம், அதில் அவமதிப்பு ஏதும் இல்லை என்பதற்கான காரணங்கள். இரண்டு பக்கம் வந்தது. எழுதிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது. இவ்வளவு தெரிந்தவன், கஸ்தூரியை ஏன் நிறுத்தினேன்?

நான்காம் புதன்கிழமை ஜேனட் வந்தார். உட்கார்வதற்கு முன்பே, "தேவகி எங்கே?" என்று கேட்டார். நான் பையிலிருந்து விளக்கக் கடிதத்தை எடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

கென்னுக்கு மார்கழிக் குளிரிலேயே நெஞ்சு வலி இருந்திருக்கிறது. மருத்துவரிடம் போகச் சொல்லி இவர் கெஞ்சியிருக்கிறார். பனி போகட்டும், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று அவர் தள்ளிப் போட்டிருக்கிறார். "அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா?" என்றார் ஜேனட். "வந்தவர்கள் எல்லோரும் அவர் அருமையானவர் என்றார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். அந்தப் பெண் ஒருத்திதான் எனக்காக அவரைக் கோபித்துக்கொண்டாள். சமையலறையில்தான் முதல் தடவையாக அழுதேன்."

அன்று மாலையே அவரைத் தேவகியின் மகள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கதவைத் திறந்த தேவகி, தோளில் குழந்தையோடு விறைத்து நின்றாள். பிறகு, ஒரு மாதமாகத் தயாராக வைத்திருந்ததுபோல், ஒரு சொல் தவறாமல், "சாரி ஃபார் யுவர் லாஸ், டீச்சர்," என்றாள்.

"அது வேண்டாம்," என்றார் ஜேனட். "மற்றதைச் சொல்."

தேவகி என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். அவள் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஜேனட்டைக் கட்டிக்கொண்டாள். அரை மணி நேரம் கென்னுக்கு நல்ல திட்டு கிடைத்தது. தேவகியின் ஆங்கிலம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோய், மீதி தமிழில் நடந்தது. ஜேனட் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார். யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நான் குழந்தையை வைத்துக்கொண்டு நடையில் நின்றேன்.

தேவகி விசா முடிந்து சைதாப்பேட்டைக்குத் திரும்பிவிட்டாள். அந்தக் கோடையிலேயே நான் விமானச் சீட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

5

அபிராமபுரத்தில் எங்கள் அடுக்ககத்தின் பழைய காவலாளியிடம் கஸ்தூரியின் எண் இருந்தது. அவள் குடியிருந்த ஆற்றோரத்தைக் காலி செய்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்களாம். போன் செய்தேன்.

"எந்த சாரு?" என்றாள். பெயரைச் சொன்னேன். "வச்சலாம்மா வூட்டு சாரா?"

பெருங்குடியில் ஒரு கணினி நிறுவனத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். பதினோரு மணிக்கு இடைவேளை, வாசலில் இருக்கும் டீக்கடைக்கு வரச் சொன்னாள். அடையாறிலிருந்து பேருந்தில் போனேன். புடவைக்கு மேல் நீல நிறச் சட்டை போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் பெயர் எழுதிய அட்டை கழுத்தில் தொங்க வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"இந்த வெயில்ல ஏன் சார் வந்தீங்க? போன்லயே கேட்டுக்கினு இருக்கலாம்ல. ரொம்ப இளைச்சிட்டீங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் தமிழில் அதை எப்படிக் கேட்பது? மன்னிப்பு என்பது மேடையில் கேட்பது, அல்லது நீதிமன்றத்தில். சாரி என்பது பேருந்தில் காலை மிதித்தால் சொல்வது. அலுவலக மொழியில் வருந்துகிறேன் என்று ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன், ஒருமுறையும் வருந்தியதில்லை. அதனால் அவள் வேலையைப் பற்றிக் கேட்டேன்.

இங்கே அவர்களுக்கும் ஆங்கில வகுப்பு உண்டாம். குட் மார்னிங் சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும், யாராவது கலங்கியிருந்தால் 'ஆர் யூ ஓகே மேம்' என்று கேட்க வேண்டும்.

"போன மாசம் ஒரு பொண்ணு பாத்ரூம்ல அழுதுக்கினு இருந்துச்சு. நானும் கேட்டேன். ஐயாம் ஓகேன்னுச்சு. அதுக்கு அப்பால இன்னா சொல்லணும்னு அவங்க சொல்லித் தர்ல."

"நீ என்ன செஞ்ச?"

"பக்கத்துல நின்னு கண்ணாடி தொடச்சேன். தொடச்ச கண்ணாடியவே தொடச்சிக்கினு இருந்தேன். அதுவா அழுது முடிச்சிட்டு மூஞ்சி கழுவிக்கினு போச்சு."

டீ வந்தது. நான் தேவகியின் கதையைச் சொன்னேன். 'வெரி பேட் மேன்' வந்ததும் கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எதற்காக வந்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அன்னிக்கு நீங்க சொன்னதும் சரிதான் சார். பெரிய மனுசங்க இருந்தாங்க."

"இல்ல கஸ்தூரி. நான் நிறுத்தியிருக்கக் கூடாது," என்றேன். "'இந்த மனுசன'-ன்னு ஆரம்பிச்ச. அப்புறம் என்ன சொல்ல வந்த?"

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு சார்."

நான் காத்திருந்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்து, பக்கத்து பெஞ்சுக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"இந்த மனுசன யார் கையில குடுத்துட்டுப் போற? இதுக்கு ஒரு காபி கலக்கத் தெரியுமா? பசிச்சா பசிக்குதுன்னு வாயத் தொறந்து கேக்கத் தெரியுமா? ஊரு மனுவுக்கெல்லாம் பதில் எழுதும், தன் வூட்ல ஒக்காந்து அழத் தெரியுமா? அது அழுவறதுக்குக் கூட நீதான பக்கத்துல இருக்கணும், பாவி."

ஐந்து ஆண்டுகளாக, அவள் வத்சலாவுக்காக அழுததை நான் நிறுத்திவிட்டதாக நினைத்திருந்தேன். நான் நிறுத்தியது எனக்காக அழுததை. அந்த அறையில் என்னைப் பற்றி யோசித்த ஒரே ஆளை, பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வெளியே அனுப்பியிருக்கிறேன்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சட்டை நுனியால் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். கஸ்தூரி ஒன்றும் கேட்கவில்லை. நகரவும் இல்லை. டம்ளர் அடியில் இருந்த டீயைச் சுழற்றிக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் எழுந்தாள். இரண்டு டம்ளர்களையும் எடுத்துக் கடைப் பலகையில் வைத்தாள். கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு, வரேன் என்றோ போகிறேன் என்றோ சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குள் போனாள்.

இந்த முறை அவள் போனது வழக்கப்படியா, கோபத்திலா என்று எனக்குத் தெரிந்திருந்தது.